பதில் வராத அரை மணி

வரவில்லை. கீழே முகாமிலிருந்து, அதை நடத்துகிற எட்வின் சார் ஊதிய நீண்ட விசில் எதிர்மலையில் முட்டித் திரும்பி வந்து அடங்கிவிட்டது. அதற்குப் பதிலாக ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து ஒன்று, காட்டுப்பலாப் பக்கமிருந்து ஒன்று, மேலே சரிவிலிருந்து இரண்டு என்று குட்டி விசில்கள் ஏழும் வந்துவிட்டன. எட்டாவது வரவில்லை. எட்டாவதுதான் என் பொறுப்பு. மணி மூன்று. மூன்று ஆகி ஒரு நிமிடம். இரண்டரைக்கு ஊதியபோது அந்தப் பெண் உடனே பதில் ஊதினாள், ஒன்றுக்கு மூன்றாகவே ஊதினாள், எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது ஒன்றுகூட இல்லை. இங்கிருந்து அவள் உட்கார்ந்திருக்கும் இடம் எழுபது தப்படி தூரம், நடுவில் ஒரு பெரிய பாறையும் புதரும் இருப்பதால் நான் அவளைப் பார்க்க முடியாது, அவளும் என்னைப் பார்க்க முடியாது. அப்படிப் பார்த்துத்தான் இடம் பிடித்திருக்கிறோம். இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை ஒவ்வொரு பிள்ளையும் காட்டில் ஓர் இடத்தில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். கடிகாரம் கிடையாது, போன் கிடையாது, கழுத்தில் ஒரு விசில், கையில் ஒரு பாட்டில் தண்ணீர். அரை மணிக்கு ஒருமுறை கீழேயிருந்து விசில் வரும், இருக்கிறேன் என்று பதில் ஊத வேண்டும். நான்காவது விசில் வந்தால் முடிந்தது. பிள்ளைகள் இதற்கு மரத்தடி டூட்டி என்று பேர் வைத்திருக்கிறார்கள். எழுத்து இடம் மாறித் தெரிகிற பிள்ளைகள், ஒரு வேலையில் மனம் நிற்காத பிள்ளைகள், வகுப்பில் நாற்காலியை ஆட்டிக்கொண்டே இருந்ததற்காகத் தினமும் வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகள். ஐந்து நாள் முகாமில் மலை ஏறுகிறார்கள், கயிற்றில் இறங்குகிறார்கள், ஓடையில் விழுந்து எழுகிறார்கள், அதெல்லாம் அவர்களுக்கு வெல்லம். நான்காம் நாள் இந்த இரண்டு மணி நேரம்தான் மலை. ஒரு பதில் தவறினால் அசையக் கூடாது என்பது எட்வின் சாரின் சட்டம். இரண்டாவதும் தவறினால் போய்ப் பார்க்கலாம், அதுவும் பின்பக்கமாக, பிள்ளையின் கண்ணில் படாமல். நாம் போய் முன்னால் நின்றால், உன்னால் முடியாதென்று எனக்கு முன்பே தெரியும் என்று சொன்னதாக ஆகும் ஐயா, அதைத்தான் இவர்களிடம் எல்லோரும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள் என்றார். அந்த இடத்துக்குள் உட்காரலாம், படுக்கலாம், இடத்தை விட்டுப் போனால் அதோடு சரி, மறுபடி உட்கார வைப்பதில்லை. ஆகவே அசையக் கூடாது. அடுத்த விசிலுக்கு இருபத்தெட்டு நிமிடம் இருக்கிறது. இருபத்தெட்டு நிமிடம் ஒன்றும் பெரிதில்லை.

நிரஞ்சனா. மதுரைப் பெண், பதினைந்து வயது, நிரா என்று கூப்பிட்டால் போதும் என்று முதல் நாளே சொன்னாள். என்னைக் கரண்ட் தாத்தா என்று முதலில் கூப்பிட்டதும் அவள்தான், மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்தேன் என்று சொன்ன அரை நிமிடத்தில் பேர் வைத்துவிட்டாள், இப்போது எட்டுப் பேரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். முதல் நாள் பாத்திரம் கழுவும்போது அவள் ஒரு குண்டானைப் பாதி தேய்த்துவிட்டு வண்ணத்துப்பூச்சி பின்னால் போய்விட்டாள், திரும்பி வந்து வேறொரு குண்டானை எடுத்தாள், அதையும் பாதியில் விட்டாள். கடைசியில் வரிசையாகப் பாதி பாதி வெளுத்த பாத்திரங்கள் இருந்தன. அதைப் பார்த்து அவளே சிரித்தாள். எட்டாவது படிக்கிறப்பலேர்ந்து நான் ஒன்னுகூட முடிச்சதில்ல தாத்தா, பரீட்சைப் பேப்பர்கூடப் பாதிதான் என்றாள். நீ அஞ்சு நிமிசம் ஒரே இடத்துல உக்காந்துட்டா நான் மீசையை எடுத்துடறேன் என்று அவள் அப்பா பஸ் ஏற்றிவிடும்போது எல்லோர் முன்னாலும் சொன்னாராம். அதைச் சொல்லும்போதும் சிரித்தாள். அப்புறம் குனிந்து குண்டானின் கரியை நகத்தால் சுரண்டிக்கொண்டே, ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டேன்னு போய்ச் சொல்லணும், ஒரே ஒரு தடவை என்றாள். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. மணி மூன்று ஆகி நான்கு நிமிடம். விசில் கழுத்திலிருந்து கழன்று விழுந்திருக்கலாம். பறவை பின்னால் போயிருக்கலாம், போனவள் வழி தெரியாமல் நிற்கலாம். சீட்டியடிக்கிற கரிய குருவி ஒன்று இந்த மலையில் உண்டு, பாட்டின் பாதியை மறந்துபோன ஆள் மாதிரி விட்டு விட்டுச் சீட்டியடிக்கும். இப்போது அது கத்துகிறது. அவள் பதில் ஊதி, அது குருவி என்று நான் விட்டிருப்பேனோ. இல்லை. எனக்குக் காது நன்றாகவே கேட்கும். காலையில் வனத்துறை வாட்சர் வந்து, ஒத்தைக் காட்டுமாடு ஒன்று ஓடைப்பக்கம் இறங்கிப் போயிருக்கிறது, மேலே போய்விட்டது, பயமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மேலே போனது கீழே வராது என்று யார் சொன்னது. அதன் சாணம் நேற்று பாதையில் கிடந்தது, சட்டி அகலம். காட்டுமாடு வந்தால் மரம் முறிகிற சத்தம் கேட்கும். சத்தம் கேட்கவில்லை. சத்தம் கேட்காததுதான் பயம்.

என் தொழிலில் சத்தம் கேட்காவிட்டால் ஓட வேண்டும். கம்பத்தில் ஒருவர், கீழே ஒருவர். கீழே நிற்பவர் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அண்ணே என்பார், மேலே இருப்பவர் ம் என்பார். அந்த ம் என்பதில்தான் இருபத்தொன்பது வருடம் ஓடியது. ஒரு மழைக்காலத்தில் சவரிமுத்து அண்ணனுக்கு நான் கீழே நின்றேன். பியூஸ் பிடுங்கியாகிவிட்டது, லைனில் கரண்ட் இல்லை என்று லைன் கிளியரும் வாங்கியாகிவிட்டது, யார் வீட்டு ஜெனரேட்டரிலிருந்தோ கரண்ட் லைனுக்குத் திரும்பி வந்து அடித்தது என்று பிறகு சொன்னார்கள். அண்ணே என்றேன். அண்ணே என்றேன். நிமிர்ந்து பார்த்தபோது பெல்ட்டில் தலை கவிழ்ந்து, தூங்குகிறவர் மாதிரி இருந்தார். பிழைத்துக்கொண்டார், விரல்கள் மூன்று போயின. அந்த முதல் அண்ணேவுக்கே நான் நிமிர்ந்து பார்த்திருந்தால் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் இது கம்பமில்லை, இது பிள்ளை உட்கார்ந்திருக்கிற இடம், இங்கே மௌனத்துக்கு வேறு அர்த்தம் உண்டு என்று எட்வின் சார் பத்துத் தடவை சொல்லியிருக்கிறார். முகாம் கொட்டகைக்குச் சோலார் விளக்குப் போட வந்தவன்தான் நான். போட்டு முடித்தும் போக மனமில்லாமல் நின்றேன், அவரும் கேட்கவில்லை. அவருடைய மேஜையில் கிடந்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன், ஒரு பக்கத்துக்கு ஒரு நாள். பதினான்காம் பக்கத்தில் என் மகன் பரணி இருந்தான். சொன்னதை மறந்துவிடுவது, தொடங்கியதை விடுவது, ஒரு செருப்பைப் போட்டுக்கொண்டு மறு செருப்பைத் தேடிப் போய் வேறெங்கோ நின்றுவிடுவது, அத்தனையும் ஒரு டாக்டர் எங்கள் வீட்டில் தங்கியிருந்து எழுதியது போல் இருந்தது. அதற்கு ஒரு பேர் இருந்தது. பேர் இத்தனை காலம் இருந்திருக்கிறது. நான் வைத்த பேர் சோம்பேறி. வயர்க்கயிற்றால் அவன் காலை மேஜைக்காலோடு கட்டிப் படி என்றவன் நான், அவிழ்த்துவிட்டவள் அவன் அம்மா தனம். ஆனால் கட்டியதைவிட ஒரு சைக்கிள்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. பதிமூன்று வயதில் என் பழைய சைக்கிளை அவனே பிரித்தான். முன்வாசலில் சாக்கை விரித்து பால்ரஸ், கோன், செயின், ஃப்ரீவீல் என்று பரப்பி வைத்தான். முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் பத்து நிமிடம், மறுநாள் ஒன்றுமில்லை, அடுத்த நாள் இரண்டு மணி நேரம். பதினொரு நாள் அந்தச் சாக்கைத் தாண்டித் தாண்டி வேலைக்குப் போய் வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை ரேஷன் கடைக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்து முக்கால் மணி நேரத்தில் பூட்டி முடித்துவிட்டேன், கிரீஸ் எல்லாம் போட்டு, பளபளவென்று. சந்தோஷப்படுவான் என்றுதான் செய்தேன். கடவுளே, சந்தோஷப்படுவான் என்றுதான். பையை வாசலில் வைத்துவிட்டு அவன் சைக்கிளைப் பார்த்தான். ஏறித் தெருமுனை வரை போய் வந்தான். நல்லா ஓடுதுப்பா என்றான். அவ்வளவுதான். அவன் பூட்டியது போக முன்சக்கரம் மட்டும்தான் பாக்கி இருந்தது என்று தனம் அப்புறம் சொன்னாள். அதற்குப் பிறகு அவன் எதையும் பிரிக்கவுமில்லை, பூட்டவுமில்லை. பத்தொன்பது வயதில் திருப்பூர் போனான். மணி மூன்று ஒன்பது.

தனத்தை இப்போது நினைக்கக் கூடாது. ஓடைச் சத்தத்தைக் கேள். தண்ணீர்ச் சத்தம் வேண்டாம், வேறு எதையாவது. கால்மாட்டில் அட்டை ஒன்று எழுந்து நின்று மூக்கை ஆட்டித் தேடுகிறது, அதைப் பார். நாளைக்கு எல்லோரையும் வேனில் ஏற்றி வத்தலக்குண்டு வரை கொண்டுபோய் விட வேண்டும், அதை நினை. நிரா ஒன்றும் ஆகாமல் உட்கார்ந்திருக்கிறாள், மறந்திருப்பாள், மறப்பதுதானே அவளுக்கு இருக்கிற கஷ்டம், மறந்ததற்காக ஒருத்தியைத் தேடிப் போனால் அப்புறம் இந்த முகாம் எதற்கு. மறந்திருப்பாள் என்றுதான் எப்போதும் நினைத்துக்கொள்கிறோம். மறந்திருப்பாள், கோபமாக இருப்பாள், வேண்டுமென்றே பேசாமலிருப்பாள். அன்றைக்கும் பட்டப்பகல்தான். சாப்பிட்டு முடித்த நேரம். பரணிக்கு ஒரு போன் போடுங்களேன், குரலாவது கேட்போம் என்றாள் தனம். ஏன், அவனுக்குக் கை இல்லையா என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது. நான் பேப்பரை விரித்தேன். கொஞ்சம் கழித்து, தனம், குடிக்கத் தண்ணி கொண்டா என்றேன். பதில் இல்லை. கோபம் வந்தால் பேசமாட்டாள், அது கல்யாணமான வருடத்திலிருந்து உள்ளதுதான், நாமும் இறங்கிப் போகக் கூடாது என்று நினைத்தேன். இரண்டாம் பக்கம் படித்தேன், விளையாட்டுப் பக்கம் படித்தேன். இன்னொருமுறை கூப்பிட்டேன், குரலைக் கொஞ்சம் உயர்த்தித்தான் கூப்பிட்டேன். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் நான் எழுந்தது அவளுக்காக இல்லை. தண்ணீர் வீணாகிறதே என்றுதான் எழுந்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. இன்னும் ஒரு அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அரை மணி. காரியத்துக்குப் பரணி வந்தான், எட்டு நாள் இருந்தான், அம்மா என்ன பண்ணிட்டிருந்தாங்க என்று கேட்டான், பாத்திரம் கழுவிட்டிருந்தா என்றேன். அது பொய் இல்லை. ஆனாலும் அவன் என்னைப் பார்த்த பார்வை. மணி மூன்று பதினாறு. எட்வின் சாருக்குப் புத்தகம் தெரியும், பிள்ளைகளைத் தெரியும், அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் அவர் சமையல்கட்டு வாசலில் நின்றதில்லை. போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். பின்பக்கமாக. அவள் கண்ணில் பட மாட்டேன். பார்த்துவிட்டு வந்தால் அந்த மீதிப் பதினான்கு நிமிடத்தை நிம்மதியாக உட்கார்ந்து கழிப்பேன். என் நிம்மதிக்காகத்தான் போகிறேன் என்று தெரிந்தே எழுந்தேன். 

சருகில் கால் வைக்காமல் கல்லாகப் பார்த்துக் கால் வைத்து, எழுபது தப்படியை நூற்றிருபதாகச் சுற்றிப் போனேன். புதரைத் தாண்டியதும் முதலில் தண்ணீர் பாட்டில் தெரிந்தது, சாய்ந்து கிடந்தது. அடுத்து அவள் செருப்பு, ஒன்று இங்கே, ஒன்று அங்கே. உட்கார்ந்திருக்க வேண்டிய கல் காலியாக இருந்தது. அப்புறம்தான் பார்த்தேன், பெரிய பாறையின் அடியில், கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற இடத்தில், அவள் குப்புறக் கிடந்தாள். கை இரண்டும் மடங்கியிருந்தன, தலை மண்ணை ஒட்டிக் கிடந்தது, அசைவே இல்லை. சமையல்கட்டுச் சிமெண்டுத் தரையில் ஈரத்தில் கிடந்த ஒரு புடவையின் கரை என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. சட்டம் எல்லாம் போய்விட்டது. நிரா என்று கத்திவிட்டேன்.

அவள் தலையைத் தூக்கவில்லை. ஒரு கையை மட்டும் மெதுவாக உயர்த்தி, சத்தம் போடாதே என்பது போல் விரலைக் காட்டினாள். நான் அப்படியே நின்றேன். மழை படாத அந்த இடத்தில் மண் மாவு மாதிரி இருந்தது, அதில் புனல் போலச் சின்னச் சின்னக் குழிகள். குழியானைகள். அடியில் பூச்சி ஒளிந்துகொண்டு, விளிம்பில் தவறி விழுகிற எறும்புக்காகக் காத்திருக்கும். அவளும் அதற்குத்தான் காத்திருந்தாள். மூச்சு பட்டால் மண் சரிந்துவிடும் என்று துப்பட்டாவால் மூக்கை மூடிக் கட்டியிருந்தாள், விசிலைக் கழுத்துக்குப் பின்னால் தள்ளிப் போட்டிருந்தாள். முகத்திலும் தலைமுடியிலும் மண். நான் கத்தியதிலோ, என் கால் பட்ட அதிர்விலோ, அவள் முகத்துக்கு எதிரே இருந்த குழியின் ஓரம் பொலபொலவென்று சரிந்து மூடியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அவள் புரண்டு, துப்பட்டாவைக் கழுத்துக்கு இறக்கி உட்கார்ந்தாள்.

"ஒரு எறும்பு விளிம்பு வரைக்கும் வந்துச்சு தாத்தா. மூணு தடவை வந்து வந்து திரும்பிருச்சு. நான் புடிச்சுப் போடல, தானா விழுதான்னு பாக்கலாம்னு இருந்தேன்."

விசில் ஊதவில்லையே என்று கேட்டேன். கேட்டதாம், ஊதினால் மண் சரியும் என்று விட்டுவிட்டாளாம், அதற்கப்புறம் எத்தனை விசில் வந்தது என்றே தெரியவில்லையாம். சொல்லிக்கொண்டிருந்தவள் சட்டென்று என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் அங்கே நிற்பதற்கு என்ன அர்த்தம் என்று அவள் முகத்தில் ஓடுவது எனக்குத் தெரிந்தது. அதற்கு இரண்டே அர்த்தம்தான் இருக்க முடியும். அவள் நல்லதை எடுத்துக்கொண்டாள்.

"முடிஞ்சிருச்சா?"

இல்லையம்மா, நீ படு, நான் பயந்துபோய் வந்துவிட்டேன், நான் வந்ததை நீ பார்க்கவில்லை, போகிறேன். இப்படிச் சொல்லியிருக்கலாம், அதற்கு எனக்கு நேரம் இருந்தது. வாய் திறந்தபோது வேறு வந்தது. முடிஞ்சிருச்சும்மா, வா போகலாம் என்றேன். அந்த முகத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். நம்பாமல் வந்த ஆளாக அவள் முன்னால் நிற்க முடியவில்லை என்பதுதான் நிஜம்.

செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள், இரண்டையும். பாட்டிலைத் தானே எடுத்துக்கொண்டாள். பாதையில் எனக்கு முன்னால் நடந்துகொண்டே பேசினாள், பேச்சு எப்போதும் போல ஐந்தாறு பக்கம் ஓடியது, ஆனால் திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கு வந்தது. முழுசாக இரண்டு மணி நேரம். அதுவும் தெரியவே இல்லை. அப்பா நம்பமாட்டார், எட்வின் சாரை விட்டுப் பேசச் சொல்ல வேண்டும். மீசை எடுத்தால் அப்பா மூஞ்சி பெரியம்மா மூஞ்சி மாதிரி இருக்கும் என்று சொல்லி அவளே நின்று சிரித்தாள். வேகமாக நடந்தால் முகாமுக்குப் போய்விடலாம், அங்கே எட்வின் சாரிடம் தனியாக எப்படியாவது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எப்படியாவது என்ன. அதற்கு மேல் கணக்கு நகரவில்லை. ஓடையைத் தாண்டவில்லை இன்னும். அப்போது கீழேயிருந்து நீண்ட விசில் வந்தது.

அவள் நின்றாள். பதில்கள் வரத் தொடங்கின. ஓடைக்கு அப்பால் ஒன்று. காட்டுப்பலாப் பக்கம் ஒன்று. மேலே சரிவில் இரண்டு. அவள் உதடு அசைந்தது, எண்ணினாள். ஐந்து. ஆறு. வெகுநேரம் கழித்து, ரொம்பத் தொலைவிலிருந்து, ஏழு. காட்டில் அவரவர் இடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மட்டும் பாதையில் நின்றாள். என் பக்கம் திரும்பவில்லை.

நிராம்மா என்றேன்.

"சார் கேட்டா நானே எந்திரிச்சு வந்துட்டேன்னு சொல்லிடறேன் தாத்தா," என்றாள். "நான் சொன்னா நம்புவாங்க."

வேண்டாம், நான்தான் எழுப்பினேன் என்று நான் சொல்கிறேன் என்றேன். நான் பயந்துவிட்டேன் என்றேன். அவள் செருப்பு நுனியால் ஒரு கல்லைப் புரட்டினாள். பாறைப்பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"இப்பப் போய் உக்காந்தா சேராதுல்ல?"

சேரும் என்று நாக்கு நுனி வரை வந்தது.

"சேராதும்மா."

தலையாட்டினாள். துப்பட்டாவை அவிழ்த்து முகத்து மண்ணைத் துடைத்தாள். பிறகு, நான் வந்தபோது மணி என்ன இருக்கும் என்று கேட்டாள். மூன்று இருபத்திரண்டு என்றேன். கடிகாரத்தைக் காட்டச் சொல்லவில்லை, அதை நம்பினாள். கணக்கு அவளுக்கு வராது என்று பள்ளிக்கூடத்தில் எழுதி அனுப்பியிருந்தார்கள். விரலை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கி, அவசரப்படாமல் போட்டாள். நான் சொல்லித் தரவில்லை. அவள் முடிக்கிற வரைக்கும் நின்றேன்.

"நாலுக்கு இன்னும் முப்பத்தெட்டு நிமிசம்," என்றாள். அப்புறம், என்னிடம் இல்லை, எதிரே இருந்த மரத்திடம் சொல்வது போலச் சொன்னாள்: "இருந்திருப்பேன்."